எதற்கு எவ்வளவு? சாய்வு கற்பித்த அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்

கங்காதர நெல்லூரில் மாலை நேரங்களில் பத்தாம் வகுப்பு, இன்டர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு அல்லது ஆங்கிலம். எந்த மொழியில் படித்தாலும் நேர்கோடுகள் பாடத்தில் அவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். இரண்டு புள்ளிகளைக் கொடுத்து அவற்றின் வழியே செல்லும் கோட்டின் சாய்வு என்ன என்று கேட்டால், சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் விடையில் குறி மாறியிருக்கும், அல்லது மேலே இருக்க வேண்டியது கீழே போயிருக்கும். விடை சரியாகவே வந்தாலும், "2 வந்திருக்கு. அப்படின்னா கோடு எப்படிப் போகுது?" என்று கேட்டால் முழிப்பார்கள்.

இதற்குக் காரணம் பிள்ளைகளின் மந்தம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கேள்வியைக் காட்டாமல் பதிலுக்கான சூத்திரத்தை மட்டும் அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறோம். சாய்வு என்பது "எதற்கு எவ்வளவு" என்ற கேள்வி. கிடையாக இவ்வளவு நகர்ந்தால் உயரம் எவ்வளவு மாறுகிறது? ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய்? இந்தக் கேள்வி மனதில் ஊன்றிவிட்டால் சூத்திரம் தானாக வந்து உட்காரும். அப்படி ஊன்ற எனக்கு உதவியவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் இளம் ஆசிரியர்களுக்கும் பயன்படும்.

முதல் பாடம் மேஸ்திரியிடம்

மொட்டை மாடித் தளத்தில் மழைத்தண்ணீர் வடிய மேஸ்திரி வாட்டம் விடுவார். எங்கள் தெருவில் வேலை பார்த்த மூத்த மேஸ்திரி ஒருவரிடம் பிள்ளைகளை அழைத்துப்போய், எவ்வளவு வாட்டம் விடுவீர்கள் என்று கேட்கச் சொன்னேன். "பத்தடிக்கு ஒரு இஞ்ச் விடணும் கண்ணு. அதுக்குக் கம்மியாப் போனா தண்ணி நின்னு ஊறும்" என்றார்.

அந்தப் பதிலுக்குள் முழுப் பாடமும் இருக்கிறது. அவர் "ஒரு இஞ்ச்" என்று மட்டும் சொல்லவில்லை. "பத்தடிக்கு" என்று சேர்த்தே சொன்னார். இரண்டு அளவுகள் சேர்ந்தால்தான் வாட்டம். பத்தடி என்பது 120 அங்குலம். ஆகவே சாய்வு 120இல் 1.

அவர் அளக்கும் முறையும் நாம் செய்யும் கணக்கும் ஒன்றே. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனைகளையும் இரண்டு இடங்களில் பிடிப்பார்கள். நீளக் குழாயில் காற்றுக்குமிழி இல்லையென்றால் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தளம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று இரண்டு இடத்திலும் டேப் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உயர மாற்றம். இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரம் கிடை மாற்றம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் சாய்வு. பாடப்புத்தகத்தில் இதையே ஒய் ஆயத்தொலைவுகளின் வித்தியாசத்தை எக்ஸ் ஆயத்தொலைவுகளின் வித்தியாசத்தால் வகுப்பது என்று எழுதி, எம் என்ற எழுத்தால் குறிக்கிறார்கள்.

இங்கேயே ஒரு பழக்கத்தை ஏற்படுத்திவிட வேண்டும். இரண்டும் நீளங்களாக இருந்தால் ஒரே அலகுக்குக் கொண்டுவந்த பிறகே வகுக்க வேண்டும். இஞ்சை அடியால் அப்படியே வகுத்தால் பத்தில் ஒன்று என்று வரும். அப்படி ஒரு தளம் போட்டால் அதில் நாற்காலி போட்டு உட்கார முடியாது.

படம் முதலில், கணக்கு பிறகு

எண்ணைத் தொடும் முன் இரண்டு புள்ளிகளையும் தோராயமாகவேனும் குறிக்கச் சொல்கிறேன். கட்டம் போட்ட தாள் வேண்டியதில்லை. நோட்டின் ஓரம் போதும். பிறகு கோட்டின் மேல் இடமிருந்து வலமாக விரலை நகர்த்த வேண்டும். விரல் ஏறினால் சாய்வு நேர் எண். இறங்கினால் குறை எண். விடையின் குறியை இப்படி முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், கணக்கின் முடிவில் வேறு குறி வரும்போது பிள்ளையே நிறுத்தித் திரும்பிப் பார்க்கும்.

ஏறாமலும் இறங்காமலும் போகும் கோட்டுக்குச் சாய்வு பூஜ்யம். மேஸ்திரியின் ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கும் நிலை அது. நேர்க்குத்தாக நிற்கும் கோட்டுக்கு, அதாவது தூக்குக்குண்டின் நூலுக்கு, சாய்வு என்று ஓர் எண்ணே கிடையாது. கிடையாக நகரவே இல்லை என்னும்போது "எதற்கு" என்ற பாதி காணாமல் போகிறது. பூஜ்யத்தால் வகுக்க முடியாது. தேர்வில் (4, 1), (4, 9) என்று கொடுத்தால் பலரும் பூஜ்யம் என்று எழுதுவார்கள். ரசமட்டமும் தூக்குக்குண்டும் கண்முன் இருந்தால் இந்தக் குழப்பம் வராது. முதலாவதற்குச் சாய்வு உண்டு, அதன் மதிப்பு பூஜ்யம். இரண்டாவதற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை.

எந்தப் புள்ளி முதலில்?

எதை முதல் புள்ளியாக எடுத்தாலும் சாய்வு மாறாது. ஆனால் மேலே எந்த வரிசையில் கழித்தோமோ, கீழேயும் அதே வரிசையில் கழிக்க வேண்டும். குறி மாறுவதற்கு நான் பார்த்த முதல் காரணம், மேலே ஒரு வரிசையும் கீழே இன்னொரு வரிசையும் எடுப்பதுதான்.

(2, 3), (6, 11) என்ற புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மேலே 11 − 3 = 8, கீழே 6 − 2 = 4, சாய்வு 2. திருப்பிக் கழித்தால் மேலே −8, கீழே −4, சாய்வு அதே 2. வரிசையைக் கலந்துவிட்டால் −2 வரும்.

இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒருவர் கேட்பது இது: "சார், மேல இருந்து கீழ வந்தா மைனஸ் ஆயிடாதா?" நல்ல கேள்வி. மேலிருந்து கீழே வரும்போது உயரம் குறைகிறது, உண்மைதான். கூடவே கிடையாகவும் பின்னோக்கி வருகிறோம். இரண்டு குறைகளும் சேர்ந்து நேராகிவிடுகின்றன. மலைப்பாதையில் ஏறினாலும் இறங்கினாலும் பாதை அதே பாதைதானே!

வரிசை கலையாமல் இருக்க நான் பரிந்துரைப்பது, புள்ளிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதும் முறை. மேல் வரியில் ஒரு புள்ளி, கீழ் வரியில் மற்றது. எக்ஸின் கீழ் எக்ஸ், ஒய்யின் கீழ் ஒய். இரண்டு பத்தியிலும் கீழ் வரியிலிருந்து மேல் வரியைக் கழிக்க வேண்டும். வரிசை மாற வழியே இல்லை.

குறை எண்கள் வரும்போது அடைப்புக்குறியைச் சுருக்காமல் எழுதப் பழக்குங்கள். (−3, 5), (4, −2) என்றால் மேலே (−2) − (5) = −7. கீழே (4) − (−3) = 7. சாய்வு −1. அவசரத்தில் 4 − 3 என்று எழுதிவிடுவதை அந்த ஓர் அடைப்புக்குறி தடுக்கும். (−2, −5), (4, −2) என்ற கணக்கையும் கொடுத்துப் பாருங்கள். புள்ளிகளில் குறைக்குறி மூன்று இடத்தில் இருந்தும் விடை 1/2 என்று நேராக வரும். குறைக்குறியைக் கண்டதும் விடையும் குறைதான் என்று முடிவு கட்டும் பழக்கத்தை இந்தக் கணக்கு உடைக்கிறது.

திருமலைக்கு எத்தனை சாய்வு?

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் திருமலைக்குப் போகாதவர் அரிது. திருமலை கடல்மட்டத்திலிருந்து சுமார் 853 மீட்டர். திருப்பதி நகரம் சுமார் 160 மீட்டர். அடிவாரத்தையும் அதே உயரமாக எடுத்துக்கொண்டால் ஏற வேண்டியது ஏறக்குறைய 690 மீட்டர்.

எம். விஸ்வேஸ்வரய்யாவின் திட்டப்படி அமைந்த முதல் மலைச்சாலை 1944இல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 19 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளை எல்லாம் நீட்டி நேராக்கி, ஒரே சீராக ஏறும் கோடாக நினைத்துக்கொண்டால் சாய்வு 690 ÷ 19,000. ஏறக்குறைய 27 மீட்டருக்கு 1 மீட்டர். 1974இல் இரண்டாவது சாலை வந்தபின் முதல் சாலை இறங்குவதற்கானது. அதனால் அதன் சாய்வு மாறிவிடவில்லை.

அலிபிரியிலிருந்து நடந்து போகும் பாதை சுமார் 9 கிலோமீட்டர், 3,550 படிகள். உயரம் அதே 690 மீட்டர். இப்போது 13 மீட்டருக்கு 1 மீட்டர். கிடைத் தூரம் பாதியானதும் சாய்வு இரண்டு மடங்காகிறது. கால் ஏன் வலிக்கிறது என்பதற்குப் பின்னத்தின் கீழ் எண்ணே பதில் சொல்கிறது. அந்தக் கொண்டை ஊசி வளைவுகள் எதற்கு என்ற கேள்விக்கும் அதுவே பதில். உயரத்தைக் குறைக்க எந்தப் பொறியாளராலும் முடியாது. சாலையை வளைத்து நீட்டிக் கீழ் எண்ணைப் பெரிதாக்கினால் பேருந்து ஏறும்.

கூர்மையான பிள்ளை ஒன்று இங்கே குறுக்கிடும்: சாலையின் நீளம் சரிவின் மேல் அளந்தது, கிடைத் தூரம் ஆகாதே என்று. சரிதான். பிதாகரஸ் தேற்றத்தை வைத்துப் பார்த்தால் 19 கிலோமீட்டரில் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 13 மீட்டர். இவ்வளவு மெதுவான ஏற்றத்தில் பொருட்படுத்த வேண்டாம். ஏணி போன்ற செங்குத்தான ஒன்றில் கட்டாயம் பொருட்படுத்த வேண்டும்.

இன்னொரு பாடம் நடந்து போனவர்களுக்கு உடனே விளங்கும். அலிபிரிப் பாதை முழுவதும் 13க்கு 1 என்று சீராக ஏறுவதில்லை. தொடக்கத்திலிருந்து காலி கோபுரம் வரை படிகள் நிமிர்ந்து நிற்கும். அதன்பின் நெடுந்தூரம் சமதளமாக நடக்கலாம். கடைசியில் முழங்காலைப் பதம் பார்க்கும் செங்குத்தான படிகள் மறுபடி வரும். இரண்டு முனைப் புள்ளிகளை வைத்துக் கணக்கிட்ட சாய்வு, பாதையின் சராசரி. இடையில் நடப்பதை அது சொல்லாது. நேர்கோட்டில் மட்டும்தான் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் ஒரே சாய்வு வரும். நேர்கோட்டை நேர்கோடாக்குவதே அந்தக் குணம்தான்.

போர்வெல் வைத்திருக்கும் எங்கள் கரும்பு, மாந்தோப்பு விவசாயிகளின் பிள்ளைகளுக்கு இதையே தண்ணீரில் காட்டுகிறேன். ஜனவரியில் 80 அடியில் தண்ணீர், அடுத்த ஜனவரியிலும் 80 அடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே சாய்வு பூஜ்யம். நடுவில் மே மாதம் 200 அடிக்குப் போய்த் தோட்டம் காய்ந்தது அந்தப் பூஜ்யத்தில் தெரியாது. இரண்டு அளவை மட்டும் காட்டி "ஒன்றும் மாறவில்லை" என்று யார் சொன்னாலும், நடுவில் என்ன என்று கேட்கத் தெரிய வேண்டும்.

மலை இல்லாத இடத்திலும் சாய்வு

சாய்வு என்றால் மேடும் சரிவும்தான் என்று பிள்ளைகள் நின்றுவிடக் கூடாது. சித்தூர், திருப்பதி இரண்டுக்கும் நடுவே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. அங்கிருந்து கருவி கட்டிய பலூன்களை வானத்துக்கு அனுப்பி, உயரம் கூடக் கூட வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று அளக்கிறார்கள். கிடை அச்சில் உயரம், நெடுக்கு அச்சில் வெப்பநிலை என்று வைத்துக்கொண்டால், கீழ் வளிமண்டலத்தில் சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். சாய்வு −6.5. மதனப்பள்ளி சுமார் 695 மீட்டர், ஹார்ஸ்லி ஹில்ஸ் சுமார் 1,265 மீட்டர். வித்தியாசம் 570 மீட்டர். அதற்கு ஏறக்குறைய 3.7 டிகிரி குறையலாம் என்று பேருந்தில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். குறை எண் சாய்வு என்பது தாளில் இறங்கும் ஒரு கோடு மட்டுமாக இல்லாமல், மலையுச்சிக் குளிராக மனதில் பதிகிறது.

இப்படி இரண்டு அச்சுகளிலும் வெவ்வேறு பொருள் இருக்கும்போது, விடையை அலகோடு சேர்த்து ஒரு முழு வாக்கியமாகச் சொல்ல வைப்பேன். ஆட்டோவில் 3 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், 8 கிலோமீட்டருக்கு 100 ரூபாய் என்றால் புள்ளிகள் (3, 50), (8, 100). சாய்வு 50 ÷ 5 = 10. "ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 10 ரூபாய் கூடுகிறது" என்பதே விடை. வெறும் 10 என்று நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான் தருவேன். தலைகீழாக வகுத்த பிள்ளைக்கு 5 ÷ 50 வரும். அது ஒரு ரூபாய்க்கு எத்தனை கிலோமீட்டர் என்ற வேறு கேள்விக்கான பதில். வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தாலே தலைகீழ் தெரிந்துவிடும்.

இங்கிருந்து கோட்டின் சமன்பாட்டுக்குப் போவது ஒரே எட்டு. 3 கிலோமீட்டருக்கு 30 ரூபாய்தான் ஆக வேண்டும், வாங்குவதோ 50. மீதி 20 ரூபாய் ஏறி உட்கார்ந்ததற்கான கட்டணம். ஆகவே கட்டணம் = 10 × தூரம் + 20. இன்னொரு புள்ளியைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும்: 10 × 8 + 20 = 100. எந்தப் புள்ளியை வைத்துச் சமன்பாடு அமைத்தோமோ அதையே மறுபடி போட்டால் தவறு அகப்படாது. மற்றதைப் போட வேண்டும்.

புள்ளிகள் தள்ளி இருக்கட்டும்

வரைபடத்தில் கோட்டைக் கொடுத்துச் சாய்வு கேட்டால், கோடு கட்ட முனைகளைத் தொடும் இடங்களாகப் பார்த்து, ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி இருக்கும் இரண்டு புள்ளிகளை எடுங்கள். இதற்கும் மேஸ்திரியின் குழாயே சாட்சி. குழாய் மட்டம் பார்ப்பதில் 2 மில்லிமீட்டர் முன்பின் ஆகலாம் என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டர் இடைவெளியில் அளந்தால் 500இல் 1 பிசகும். 10 மீட்டர் இடைவெளியில் அதே பிசகு 5,000இல் 1 ஆகச் சுருங்கும். நேர்கோட்டைப் பொறுத்தவரை, தூரம் கூடக் கூடச் சாய்வு நம்பகமாகும். வளைந்து போகும் ஒன்றில் தூரம் கூடினால் நடுவில் நடப்பது மறையும். இந்த இரண்டையும் பிள்ளைகள் சேர்த்தே அறிய வேண்டும்.

மூன்றாவது புள்ளி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். (1, 2), (3, 6), (6, 12) மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா? முதல் இரண்டுக்கும் சாய்வு 2. அடுத்த இரண்டுக்கும் 2. சாய்வும் சமம், (3, 6) என்ற புள்ளியும் பொது. ஆகவே ஒரே கோடு. முக்கோணப் பரப்பு பூஜ்யம் என்று காட்டும் முறையைவிட இது சீக்கிரம் முடியும். ஏன் என்பதும் விளங்கும்.

அளந்து பார்க்க ஒரு சாய்தளம்

பாடத்தின் முடிவில் நான் கொடுக்கும் வேலை, பள்ளியிலோ அலுவலகத்திலோ இருக்கும் சாய்தளத்தை அளந்து வருவது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12க்கு 1ஐவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது நம் நாட்டில் பின்பற்றப்படும் அளவு. 12க்கு 1 எவ்வளவு என்பதை உணர நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள். 326 மீட்டரில் இருக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து 2,203 மீட்டரில் இருக்கும் ஊட்டிக்கு அது சுமார் 46 கிலோமீட்டர் போகிறது. சராசரி ஏறக்குறைய 24க்கு 1. ஆனால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே ஏற்றம் 12க்கு 1 வரை போகிறது. அங்கே வெறும் சக்கரத்தால் ஏற முடியாமல், தண்டவாளத்தின் நடுவில் பற்சட்டம் வைத்துப் பல்சக்கரத்தால் பிடித்து ஏறுகிறார்கள். அந்த ஏற்றம்தான், ஒருவர் தம் கைகளால் உருட்டி ஏற நாம் வைத்திருக்கும் உச்சவரம்பு.

தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்ந்த வராந்தாவுக்கு 12க்கு 1 என்றால் சாய்தளம் குறைந்தது 18 அடி நீளம் வேண்டும். பிள்ளைகள் டேப் பிடித்து அளந்து வரும்போது சில இடங்களில் அது ஆறு அடிதான் இருக்கிறது. அதாவது 4க்கு 1. மலை ரயிலின் உச்ச ஏற்றத்தைப் போல் மூன்று மடங்கு. கைப்பிடியும் பெயர்ப்பலகையும் வைத்துக் கட்டிய சாய்தளம் ஒருவருக்கும் பயன்படாமல் கிடப்பதற்குக் காரணம், கீழ் எண்ணை யாரும் கணக்குப் போடவில்லை என்பதுதான். இதைக் கண்டுபிடிக்க ஒரு டேப்பும் ஒரு வகுத்தலும் போதும்.

ஆகவே பெற்றோரிடம் என் வேண்டுகோள் இது. பிள்ளை சாய்வுச் சூத்திரத்தை ஒப்பித்துவிட்டது என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். ஒரு டேப்பைக் கையில் கொடுத்து, பக்கத்தில் இருக்கும் சாய்தளத்தின் உயரத்தையும் கிடைத் தூரத்தையும் அளந்துவரச் சொல்லுங்கள். 12க்கு 1ஐத் தாண்டியிருந்தால் அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி, அதற்குப் பொறுப்பானவரிடம் கொடுக்க உதவி செய்யுங்கள். "இது ரொம்பச் செங்குத்து" என்று வாயால் சொன்னால் "அப்படித் தெரியலையே" என்று தட்டிக்கழித்துவிட முடியும். "18 அடி வேண்டிய இடத்தில் 6 அடிதான் இருக்கிறது" என்று எழுதிக்கொடுத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.